லோவுட் பள்ளியில் கேட்கப்பட்ட கேள்வி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



சென்ற கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, நூலகப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கும் வேலை எங்கள் வகுப்புக்கு வந்தது. அலமாரியின் கடைசித் தட்டில் அட்டை பிய்ந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் 'ஜேன் அயர்'. "இதைத்தான் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டேனே!" என்று திரும்ப வைக்கப் போனேன். நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "நீ படித்தது சுருக்கம். இது முழுப் புத்தகம். வீட்டுக்குக் கொண்டு போ. கிழிக்காமல் ஜூனில் கொண்டு வா" என்றார்கள்.

நான் முன்பு படித்த சுருக்கப் பதிப்பில் ஜேனின் குழந்தைப் பருவம் சில பக்கங்களிலேயே முடிந்துவிட்டது. முழு நாவலிலோ 38 அதிகாரங்கள் உள்ளன. முதல் 10 அதிகாரங்கள் அவளுடைய சிறு வயதைச் சொல்பவை. மடியில் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பத்து அதிகாரங்களைப் படிக்கவே எனக்கு மே மாதத்தில் பாதி போயிற்று. கல்லூரியில் படிக்கும் என் பெரியப்பா மகள் தினமும், "ராச்செஸ்டர் வந்துவிட்டாரா?" என்று கேட்பாள். அவர் 12ஆம் அதிகாரத்தில்தான் குதிரையோடு வழுக்கி விழுந்து அறிமுகமாகிறார். அவரைப் பற்றி எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அந்த முதல் 10 அதிகாரங்களைப் பற்றித்தான். அவற்றைப் படித்த நாட்களில் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்து தூக்கம் கெட்டது. அதையும் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் ஆசிரியையைப் பற்றிச் சிறிது. சார்லட் பிராண்டி 1816ஆம் ஆண்டு இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் பிறந்தார். தந்தை பாட்ரிக் பிராண்டி ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். (அந்தச் சபையில் குருமார் திருமணம் செய்துகொள்ளலாம்.) குழந்தைகள் ஆறு பேர். 1821இல் தாய் இறந்துபோனார். வருமானம் குறைந்த குருமார்களின் பெண்பிள்ளைகளுக்கென்று 1824இல் கோவன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் ஒரு விடுதிப் பள்ளி திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் மூத்த பெண்கள் மரியா, எலிசபெத் இருவரும், ஆகஸ்டில் சார்லட்டும், நவம்பரில் எமிலியும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். 1825 மே மாதம் மரியாவும், ஜூன் மாதம் எலிசபெத்தும் காசநோயால் இறந்தார்கள். ஒருத்திக்கு வயது 11, மற்றவளுக்கு 10. தந்தை அவசரமாகப் போய்ச் சார்லட்டையும் எமிலியையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். அப்போது சார்லட்டுக்கு 9 வயது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1847 அக்டோபரில், 'கரர் பெல்' என்ற ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புனைபெயரில் 'ஜேன் அயர்' வெளிவந்தது.

கதை குளிர்காலத்தில் ஒரு மழைநாளில் தொடங்குகிறது. பத்து வயது ஜேனுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தாய்மாமன் ரீட் சாகும் தறுவாயில், அவளைத் தன் பிள்ளையைப் போல் வளர்ப்பதாக மனைவியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். மாமி சோறு போடுகிறாள், அவ்வளவுதான். ஜேன் ஜன்னல் திரைக்குப் பின்னால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பறவைகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமியின் மகன் ஜான் வருகிறான். அவனுக்கு 14 வயது. எங்கள் வீட்டுப் புத்தகத்தைத் தொட உனக்கு என்ன உரிமை, நீ எங்கள் காசில் சாப்பிடுகிறவள் என்று சொல்லி, அதே புத்தகத்தை அவள்மேல் வீசி எறிகிறான். அவள் கதவில் மோதி விழுகிறாள். தலையில் அடிபட்டு இரத்தம் வழிகிறது. அன்றுதான் முதல் தடவையாக அவள் திருப்பி அடிக்கிறாள். சத்தம் கேட்டு ஓடிவந்த மாமி என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜேனைச் சிவப்பு அறைக்குள் போட்டுப் பூட்டச் சொல்லுகிறாள். மாமா இறந்துபோன அறை அது. இருட்டிய பிறகு அங்கே மாமாவின் ஆவி வருகிறதென்று நினைத்துக் குழந்தை வீறிட்டு அலறுகிறது. மாமி அதை நடிப்பு என்கிறாள். ஜேன் மயங்கி விழுகிறாள்.

சிவப்பு அறையைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். நான் அதற்கு அடுத்த ஒரு சிறு கட்டத்தைச் சொல்ல விரும்புகிறேன். மறுநாள் வைத்தியர் லாயிடு வருகிறார். வேலைக்காரி பெஸ்ஸி, குழந்தை கீழே விழுந்துவிட்டது என்கிறாள். ஜேன், விழவில்லை, தள்ளிவிட்டார்கள் என்கிறாள். அந்த நேரத்தில் வேலைக்காரர்களுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிறது. வைத்தியர் பெஸ்ஸியைச் சாப்பிட அனுப்பிவிட்டு, குழந்தையோடு தனியாக உட்கார்ந்து, ஏன் அழுகிறாய் என்று விசாரிக்கிறார். அந்த வீட்டில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர். ஏழை உறவினர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் போகிறாயா என்றும் கேட்கிறார். ஜேன் வேண்டாம் என்கிறாள்! ஏழைகள் என்றால் கந்தலும் அழுக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும். மற்றக் கதைகளில் வரும் அநாதைக் குழந்தை உடனே "போகிறேன்" என்று சொல்லியிருக்கும். இந்த இடத்தில்தான் எனக்கு ஜேன்மேல் நம்பிக்கை பிறந்தது. தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத் தெரியாத பெண் அவள்.

பிறகு பாதிரியார் பிராக்கிள்ஹர்ஸ்ட் வருகிறார். லோவுட் என்னும் தரும விடுதிப் பள்ளியை நடத்துகிறவர். அவரிடம் மாமி, இவள் பொய்க்காரி, எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லி ஒப்படைக்கிறாள். அவர் போன பின்பு ஜேன் மாமியின் முன்னால் நின்று, உள்ளத்தில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுகிறாள். மாமி பயந்துபோய் எழுந்து போய்விடுகிறாள். வெற்றி! ஆனால் அரைமணி நேரம் கழித்து அந்த வெற்றி அவளுக்குக் கசக்கிறது. குடிக்கும்போது இனித்து, பிறகு தொண்டையில் எரியும் ஏதோ ஒன்றைக் குடித்தவள்போல் இருக்கிறாள். என் தம்பியோடு நான் சண்டை போட்டு ஜெயித்த நாட்கள் எல்லாம் எனக்கு நினைவு வந்தன. கோபத்தில் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் பிறகு மனம் ஏன் நிம்மதியாக இருப்பதில்லை? இந்தக் கேள்வியை ஆசிரியை இங்கே போட்டுவிட்டு, பதிலை நான்கு அதிகாரம் தள்ளி வைத்திருக்கிறார்.

லோவுட் பள்ளிக்கு ஜேன் ஐம்பது மைல் தூரம் தன்னந்தனியே குதிரை வண்டியில் வருகிறாள். அங்கே 80 பெண்கள். முதல் நாள் காலைக் கஞ்சி தீய்ந்துபோய் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. குளிரில் கைகால் எல்லாம் வெடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, அதாவது அவர்களுடைய ஆராதனைக்கு, இரண்டு மைல் பனியில் நடக்கவேண்டும். விடுதியில் இருக்கும் நம் தோழியர் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. பசி தாங்காத பெரிய பெண்கள் சின்னப் பெண்களை மிரட்டியும் கொஞ்சியும் அவர்கள் பங்கு ரொட்டியை வாங்கித் தின்றுவிடுகிறார்கள். தனக்குக் கிடைத்த துண்டை ஜேன் இருவருக்குப் பிய்த்துக் கொடுத்து, காப்பியில் பாதியை மூன்றாவது பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டே குடிக்கிறாள். அந்தப் பெரிய பெண்களை ஆசிரியை ஓரிடத்திலும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. மேலே ஒருவர் மாவைக் குறைத்தால் கீழே ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் கையிலிருந்து பறிக்கிறது என்பதை அப்படியே காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

ஹெலன் பர்ன்ஸ் என்னும் பெண்ணிடம் ஜேன், இது என்ன பள்ளி, நாம் காசு கட்டவில்லையா என்று கேட்கிறாள். ஒவ்வொருவருக்கும் வருடம் 15 பவுன் கட்டுகிறார்கள், அது போதாது, மீதியைத் தருமவான்கள் போடுகிறார்கள், அதனால் நாம் தருமப் பிள்ளைகள்தான் என்கிறாள் ஹெலன். அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவள். மேசையை ஒழுங்காக வைக்கத் தெரியாதவள்.

இனி நான் மூன்று முறை படித்த இடம் வருகிறது. வரலாற்றுப் பாடம் நடக்கிறது. ஆசிரியை மிஸ் ஸ்காச்சர்ட் எதைக் கேட்டாலும் ஹெலன் பதில் சொல்லுகிறாள். பாராட்டு வரப்போகிறது என்று ஜேன் காத்திருக்க, ஆசிரியையோ, அழுக்குப் பெண்ணே, காலையில் நகத்தைச் சுத்தம் செய்யவில்லையே என்று திட்டுகிறாள். அன்று காலை குடத்துத் தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. ஒருவரும் முகம் கழுவவில்லை. ஹெலன் அதைச் சொல்லவில்லை! போய்ச் சுள்ளிக் கட்டை எடுத்து வந்து, தானே உடையைத் தளர்த்திக்கொண்டு, கழுத்தில் பன்னிரண்டு அடி வாங்கிக்கொள்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

அன்று மாலை ஜேன் அவளிடம், நானாக இருந்தால் அந்தக் கட்டைப் பிடுங்கி அவள் முன்னாலேயே முறித்திருப்பேன் என்கிறாள். ஹெலன், அப்படிச் செய்தால் உன்னைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள், உன் வீட்டாருக்கு வருத்தம், தாங்கிக்கொள் என்கிறாள். பகைவரை நேசிக்கும்படி கிறிஸ்து சொன்னதை நினைவூட்டுகிறாள். நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்ததுதான். என் மனமும் "ஹெலன் சொல்வதே சரி" என்றது. ஆனால் இன்னொரு மனம் ஒத்துக்கொள்ளவில்லை. விடுமுறையில் ஒரு நாள் விவிலியத்தைப் புரட்டியபோது யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசு, அங்கே பேசாமல் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் எதுவென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று அவனைக் கேட்கிறார். திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. கேட்டார்! தண்ணீர் உறைந்திருந்தது என்ற ஒரு வாக்கியத்தை ஹெலன் சொல்லியிருந்தால் அது பாவமாகியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். இதைச் சொன்னதற்கு எங்கள் மறைக்கல்விச் சிஸ்டர் கோபிக்கவில்லை. "சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மிஸ் ஸ்காச்சர்ட் கேட்டிருப்பாளா?" என்று மட்டும் கேட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பிராக்கிள்ஹர்ஸ்ட் பள்ளியைப் பார்வையிட வருகிறார். தீய்ந்த கஞ்சிக்குப் பதிலாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்ததற்காகத் தலைமை ஆசிரியை மிஸ் டெம்பிளைக் கண்டிக்கிறார். உடலுக்கு ஊட்டி ஆன்மாவைப் பட்டினி போடுகிறீர்களாம்! ஒரு பெண்ணுக்கு இயற்கையாகவே சுருட்டை முடி. அதையும் வெட்டிவிடச் சொல்லுகிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும் பட்டும் வெல்வெட்டும் உரோமச் சால்வையுமாக, சுருட்டிவிட்ட கூந்தலோடு உள்ளே நுழைகிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் இதுதான்.

சிரிப்பு அடங்குமுன் ஜேனின் கையிலிருந்து சிலேட்டு நழுவி விழுந்து உடைகிறது. அவர் அவளை ஒரு உயரமான முக்காலியில் ஏற்றி நிறுத்தி, இவள் பொய்க்காரி, யாரும் இவளோடு சேரக்கூடாது, இன்று முழுவதும் ஒருவரும் பேசக்கூடாது என்று 80 பெண்களின் முன்னால் அறிவிக்கிறார். சாட்சி? மாமி சொன்னாள், அவ்வளவுதான். மிஸ் டெம்பிள் பளிங்குச் சிலைபோல் பேசாமல் நிற்கிறார். அப்போது ஹெலன், ஆசிரியையிடம் பாடத்தில் ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் எழுந்து, அற்பக் கேள்வி என்று திட்டு வாங்கிக்கொண்டு, முக்காலியைக் கடந்து திரும்பும்போது ஜேனைப் பார்த்துப் புன்னகை செய்கிறாள். அவள் கையிலேயே அப்போது 'ஒழுங்கற்றவள்' என்ற தண்டனைப் பட்டி கட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். முன்பு சொல்லாமல் வைத்த விஷயத்தை இப்போது சொல்லவேண்டும்.

ஏழாம் வகுப்பு வரை நான் வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் படித்தேன். அங்கே என் வகுப்பில் ஒரு விடுதிப் பெண் இருந்தாள். பெயர் வேண்டாம். அவளுக்கு அப்பா இல்லை. விடுதிக் கட்டணத்தை யாரோ ஒரு நல்ல மனிதர் கட்டிவந்தார். அது எல்லாருக்கும் தெரியும். தெரியும்படி அடிக்கடி சொல்லப்படும். வெள்ள நிவாரணத்துக்காக எங்கள் வகுப்பில் ஒரு தகர உண்டியலில் பணம் சேர்த்தோம். ஒரு நாள் மதிய இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் மூடி திறந்து கிடந்தது. எண்ணியதில் 60 ரூபாய் குறைந்தது. காலையில் அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஆசிரியை அவளை எழுப்பி, "நீதானே எடுத்தாய்?" என்றார். "இல்லை மிஸ்." "அப்படியானால் இடைவேளையில் எங்கே இருந்தாய்?" அவள் பதில் சொல்லவில்லை.

அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். மணி அடித்ததிலிருந்து மறுமணி அடிக்கும்வரை, பள்ளி வேலிக்கு அப்பால் உள்ள புளியமரத்தடியில் என்னோடுதான் இருந்தாள். புளியம்பிஞ்சை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். வேலி தாண்டினால் பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். போகலாம் என்று கூப்பிட்டவள் நான். அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் துணைப்பாட நூலைத் திறந்து குனிந்துகொண்டேன். கடைசி மணி வரைக்கும் அவள் பெஞ்சின்மேல் நின்றாள். மாலையில் குழாயடியில், "ஏன்டி சொல்லவில்லை?" என்று நான்தான் கேட்டேன், வெட்கமில்லாமல். "உங்க வீட்டுல அடிப்பாங்களே" என்றாள். அடுத்த ஜூனில் அவள் பள்ளிக்கு வரவில்லை. பணத்தை யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அந்த ஆசிரியை கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு டைபாய்டு வந்தபோது வீடு தேடி வந்து பார்த்தவர். அவரும் கேள்வி கேட்கத்தான் செய்தார். ஆனால் "நீதானே எடுத்தாய்?" என்பதில் பதிலும் சேர்ந்தே இருக்கிறது. மிஸ் டெம்பிளின் கேள்வி வேறு மாதிரியானது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அன்று மாலை மிஸ் டெம்பிள், ஜேனையும் ஹெலனையும் தன் அறைக்கு அழைத்துப் போகிறார். கணப்புக்கு அருகில் உட்கார வைத்து, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு, உன் பக்கத்தைச் சொல், நினைவிருப்பதை மட்டும் சொல், கூட்டிச் சொல்லாதே என்கிறார். மாமியிடம் வெடித்த அதே ஜேன் இப்போது நிதானமாக, வரிசையாகச் சொல்லுகிறாள். வன்மம் வைத்துக்கொள்ளாதே என்று ஹெலன் சொன்னது அவள் காதில் இருக்கிறது. கசப்பைக் குறைத்துச் சொன்னதால் தன் வார்த்தை நம்பத்தக்கதாக இருந்ததை அவளே உணருகிறாள். முன்பு கேட்ட கேள்விக்கு ஆசிரியை வைத்திருந்த பதில் இதுதான் என்று எனக்குப் பட்டது. பேச்சினிடையே வைத்தியர் லாயிடின் பெயர் வருகிறது. மிஸ் டெம்பிள், அவரை எனக்குத் தெரியும், எழுதிக் கேட்கிறேன், அவர் பதில் நீ சொன்னதோடு ஒத்திருந்தால் எல்லார் முன்னிலையிலும் உன்மேல் உள்ள பழியை நீக்குவேன், என்னைப் பொறுத்தவரை இப்போதே நீங்கிவிட்டது என்கிறார். பிறகு தேநீர். சமையல் பொறுப்பிலுள்ள அம்மாள் கூடுதல் ரொட்டி தர மறுத்துவிட, தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கேக்கை எடுத்து இருவருக்கும் வெட்டிக் கொடுக்கிறார். ஒரு வாரம் கழித்து லாயிடின் பதில் வருகிறது. மிஸ் டெம்பிள் பள்ளி முழுவதையும் கூட்டி, விசாரித்ததைச் சொல்லி, ஜேன் குற்றமற்றவள் என்று அறிவிக்கிறார். கூட்டத்தில் போட்ட பழி கூட்டத்திலேயே எடுக்கப்படுகிறது.

பிராக்கிள்ஹர்ஸ்டின் முன்னால் அவர் சிலைபோல் நின்றதற்காக முதலில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. எதிர்த்துப் பேசியிருந்தால் வேலை போயிருக்கும், அதன்பின் அந்த 80 பேருக்கும் யாரும் இல்லை என்று அம்மா சொன்னார்கள். பாதிதான் சமாதானம் ஆனேன்.

வசந்த காலத்தில் லோவுட்டில் டைபஸ் காய்ச்சல் பரவுகிறது. பள்ளி இருந்தது ஈரமும் மூடுபனியுமான பள்ளத்தாக்கு. அரைப்பட்டினி, கவனிக்காத சளி. 80 பேரில் 45 பேர் ஒரே சமயத்தில் படுத்துவிடுகிறார்கள். ஹெலனுக்கு வந்திருப்பது அதுவல்ல, காசநோய். இரவில் ஜேன் யாருக்கும் தெரியாமல் அவள் படுக்கையில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். காலையில் ஜேன் மட்டும் விழிக்கிறாள். இதற்குமேல் எழுத எனக்கு முடியவில்லை. ஹெலனின் கல்லறை பதினைந்து ஆண்டுகள் வெறும் புல்மேடாகக் கிடந்தது என்றும், இப்போது அங்கே ஒரு பளிங்குக் கல் இருக்கிறது என்றும் ஜேன் சொல்லுகிறாள். உயிர்த்தெழுவேன் என்று பொருள்படும் ஒரே ஒரு லத்தீன் சொல் அதில் பொறித்திருக்கிறதாம். கல்லை வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. நமக்குத் தெரிகிறது.

ஹெலன் பாத்திரம் சார்லட்டின் அக்காள் மரியாவைப் பார்த்து எழுதப்பட்டது. பிராக்கிள்ஹர்ஸ்ட், கோவன் பிரிட்ஜ் பள்ளியை நிறுவிய காரஸ் வில்சன் என்னும் குருவானவரை நினைத்து எழுதப்பட்டவர் என்று பலரும் கண்டுகொண்டார்கள். 1855இல் சார்லட் இறந்தார். 1857இல் திருமதி காஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தப் பள்ளியைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னபோது பெரிய சச்சரவு எழுந்தது. பள்ளி அப்படியெல்லாம் இல்லை என்று வில்சனின் ஆதரவாளர்கள் செய்தித்தாளில் எழுதினார்கள். சார்லட்டின் கணவர் ஆர்தர் நிக்கல்ஸ் மறுப்பு எழுதினார். திருமதி காஸ்கெல் மூன்றாம் பதிப்பில் சில பகுதிகளை மாற்றவேண்டியதாயிற்று. பள்ளி 1833லேயே காஸ்டர்டன் என்ற ஆரோக்கியமான இடத்துக்கு மாறி, நல்ல பெயரும் எடுத்திருந்தது உண்மைதான். இருந்தாலும் என் மனம் அந்த ஒன்பது வயதுப் பெண்ணின் பக்கமே நின்றது. இரண்டு அக்காள்களைப் பறிகொடுத்தவளின் பக்கத்தை, அவள் இறந்த பின்பும் சந்தேகித்துக்கொண்டிருந்தார்களே!

ஆசிரியையிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. பிற்பகுதியில் ராச்செஸ்டரின் மாளிகை மாடியில் பெர்த்தா என்னும் அவருடைய மனைவியைப் பைத்தியம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். அவள் பக்கத்தைக் கதையில் அவளிடம் யாரும் கேட்கவில்லை. சிவப்பு அறையில் பூட்டப்பட்ட ஜேனாவது கேட்டிருக்கலாம். 1966இல் ஜீன் ரீஸ் என்னும் எழுத்தாளர் பெர்த்தாவின் கதையை ஒரு தனி நாவலாகவே எழுதியிருக்கிறார் என்று சிஸ்டர் சொன்னார்கள். அதைக் கல்லூரிக்குப் போனபின் படிக்கலாமாம்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு அம்மாவிடம் புளியமரத்துக் கதையைச் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ ஊர் எதுன்னு தெரியுமா?" என்றார்கள். பழைய வகுப்புத் தோழி ஒருத்தி மூலம் விலாசம் கிடைத்தது. இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று அவளுக்கு. மற்றொன்று அந்த ஆசிரியைக்கு. எந்த மணி முதல் எந்த மணி வரை, எந்த மரத்தடியில், யார் யாரைக் கூப்பிட்டது என்று எல்லாவற்றையும் எழுதினேன். உப்பைப் பொட்டலமாகக் கொண்டுபோனது நான் என்பதையும் விடவில்லை. முடிந்தால் வகுப்பில் படித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறேன். அந்த வகுப்புப் பெண்கள் இப்போது பத்தாவதில்தான் இருப்பார்கள்.

மிஸ் டெம்பிளுக்குப் பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. நான் கடிதம் போட்டு இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. தபால்காரர் வரும் நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன். அம்மா வாசலில் பார்த்துக்கொள்கிறார்கள்.